பினாங்கிலிருந்து ஹாட்யாய், லங்காவி: ஃபெரியும் ரயிலும் சேரும் இடங்கள்

கேள்வி இதுதான். கோலாலம்பூரில் வசிக்கும் ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு பினாங்கில் அக்கா வீட்டுக்கு வருகிறார். அங்கிருந்து விமானம் ஏறாமல், ஃபெரியையும் ரயிலையும் நம்பி தாய்லாந்தின் ஹாட்யாய் போக முடியுமா, திரும்பும்போது கடல்வழியாக லங்காவிக்கு வந்து வீடு சேர முடியுமா என்று கேட்கிறார். "முன்பு பட்டர்வொர்த்திலிருந்தே பாங்காக் ரயில் இருந்ததாக அப்பா சொல்கிறார், அது என்ன ஆனது? அவருடைய பெரியப்பா ஜப்பானியர் காலத்தில் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடப் போனவர், திரும்பி வரவே இல்லை. முடிந்தால் அந்தப் பாதை இருக்கும் காஞ்சனபுரி வரைக்கும் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்" என்றும் சேர்த்திருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். நான் பட்டர்வொர்த்துக்காரன், இந்தப் பாதையில் அடிக்கடி போய் வருகிறவன் என்பதால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிகளில் குறை ஒன்றும் இல்லை. ஃபெரி புதிது, கொமுட்டர் (அக்கம்பக்க ஊர்களை இணைக்கும் மின்ரயில்) சுத்தமாக இருக்கும், தாய்லாந்து ரயிலும் நன்றாகவே ஓடுகிறது. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடத்தில்தான் நேரமும் நிம்மதியும் போகும். வயதானவர்களோடு வரும்போது ஊர் ஊராகத் திட்டம் போடாமல், மாறி ஏறும் இடங்களை வைத்துத் திட்டம் போடுங்கள். போகும்போது பட்டர்வொர்த், எல்லை நிலையமான பாடாங் பெசார். வரும்போது தாய்லாந்துக் கரையில் சத்துன் ஜெட்டி, மலேசியக் கரையில் கோலா பெர்லிஸ். இந்த நாலு இடங்களிலும் தாராளமாக நேரம் விட்டால் போதும்.

அப்பா சொன்னது சரிதான். பாங்காக்கிலிருந்து பட்டர்வொர்த் வரை தாய்லாந்து ரயில் தினமும் வந்துகொண்டிருந்தது. மதியம் இங்கே ஏறினால் மறுநாள் பாங்காக்கில் இறங்கலாம். 2014 கடைசியில் ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைப்பாதை மின்மயமானது. 2015-ல் இ.டி.எஸ். என்னும் தொலைதூர மின்ரயிலும் வடக்குக் கொமுட்டரும் எல்லை வரை ஓடத் தொடங்கின. 2016 டிசம்பரோடு பாங்காக் ரயிலை பாடாங் பெசாரிலேயே நிறுத்திவிட்டார்கள். தாய்லாந்துப் பக்கம் இன்னும் டீசல்தான், நம் மின்ரயில் எல்லையைத் தாண்ட முடியாது. ஆனால் தண்டவாளம் இரண்டு நாட்டிலும் ஒரே மீட்டர் அகலம்தான், தாய்லாந்துப் பெட்டி இங்கே வருவதற்குத் தடை எதுவும் கிடையாது. பள்ளி விடுமுறை, நீண்ட வாரக்கடைசி போன்ற சமயங்களில் கோலாலம்பூரிலிருந்து ஹாட்யாய்க்கு நேராக ஓடும் மைசவாஸ்டி சிறப்பு ரயிலே இதற்குச் சாட்சி. அப்படியிருக்க, தினசரி ரயிலை நிறுத்தியது எனக்கு இன்றுவரை மனம் ஒப்பாத முடிவு. ஒரே இருக்கையில் உட்கார்ந்து போன முதியவர்கள் இப்போது பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

இந்த அகலம் ஒன்றானதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1909 ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மீதிருந்த உரிமைகளை சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அதோடு, தெற்கே ரயில்பாதை போட பிரிட்டிஷ் மலாயா அரசிடமிருந்து 40 லட்சம் பவுண்டு கடனும் வாங்கியது. அந்தப் பாதையை மலாயாப் பாதையோடு பொருந்தும்படி மீட்டர் அகலத்தில் போட்டார்கள். 1918-ல் இரண்டும் பாடாங் பெசாரில் இணைந்தன. அப்போது பட்டர்வொர்த்தில் ரயில் நிலையம் இல்லை, கடைசி நிலையம் பிறை. ஜார்ஜ்டவுனில் ஃபெரி ஜெட்டிக்குப் பக்கத்தில் மணிக்கூண்டோடு ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறதே, இப்போது சுங்கத்துறைக் கட்டடம், அதுதான் அன்றைய பினாங்கு ரயில் நிலையம். 1907-ல் கட்டியது. ஒரு தண்டவாளம்கூட அங்கே கிடையாது. அங்கே டிக்கெட் எடுத்து, படகில் கடலைத் தாண்டி, பிறையில் ரயில் ஏறுவார்கள். படகும் ரயிலும் ஒரே பயணமாக இருந்தன. 1967-ல் பிறை ஆற்றின் மேல் பாலம் கட்டி, ரயிலை பட்டர்வொர்த் ஜெட்டி வாசலுக்கே கொண்டுவந்தார்கள்.

நம் ஆட்கள் நாட்டுக்குள் வந்த வழியும் இதே வழிதான். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து முதலில் தொட்ட மலாயாக் கரை பினாங்கு. ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைத்து, பிறகு பிறைக்கு அனுப்பி, ரயிலில் ஏற்றித் தோட்டங்களுக்குப் பிரித்தார்கள். உங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். ஃபெரியில் போகும்போது அவரைப் பேச விடுங்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

தீவுப் பக்கம் ஃபெரி ஏறுவது பெங்காலான் வெல்ட் சாலையில் இருக்கும் ராஜா துன் ஊடா முனையத்தில். கார் ஏற்றிய பழைய ஃபெரிகளை 2021 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து நாலு புதிய இரட்டையுடல் படகுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 250 பேர் ஏறலாம், மோட்டார் சைக்கிள்களும் ஏறும், கார் ஏறாது. கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். ரொக்கமாகக் காசு வாங்க மாட்டார்கள், டச் அண்ட் கோ அட்டையோ வங்கி அட்டையோ கையில் இருக்க வேண்டும். பழைய ஃபெரியின் மேல்தளத்தில் காற்று வாங்கி வளர்ந்த எங்களுக்கு அந்த ஏக்கம் போகாது. ஆனாலும் மூத்தவர்கள் ஏறி இறங்க இந்தப் புதிய படகு வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் கூரை போட்ட நடைபாதை வழியாகவே பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். படகு, பஸ், ரயில் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருப்பது நம் நாட்டில் அபூர்வம். அப்பா அம்மாவின் நடைக்கு ஏற்ப, படகுக்கும் ரயிலுக்கும் நடுவில் முக்கால் மணி நேரமாவது விடுங்கள். தைப்பூசத்தன்று மட்டும் இந்தப் பயணம் வேண்டாம். புக்கிட் மெர்தாஜாம், கூலிம், சுங்கைப்பட்டாணி சனமெல்லாம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக இதே ஃபெரியில்தான் வரும்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பாடாங் பெசார் போகும் இ.டி.எஸ். பட்டர்வொர்த்துக்கு வராது. பட்டர்வொர்த் என்பது புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பிரியும் கிளைப்பாதையின் முனை. பட்டர்வொர்த்திலிருந்து எல்லைக்குப் போக கொமுட்டர்தான் உங்கள் வண்டி. மாறாமல் நேராகப் போகும், பாடாங் பெசாருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இருக்கை எண் கிடையாது, இங்கேதான் ரயில் கிளம்புகிறது என்பதால் கொஞ்சம் முன்னதாகப் போனால் நல்ல இடம் கிடைக்கும். கழிவறையை நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இடப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்கார வையுங்கள். சுங்கைப்பட்டாணி தாண்டியதும் குருண் வரை ஜெராய் மலை கூடவே வரும். 1217 மீட்டர் உயரம். பாய்மரக் கப்பலில் வந்த நம் வணிகர்களுக்குக் கடலிலிருந்து முதலில் தெரிந்த அடையாளம் அந்த மலைதான். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில்தான் பழைய கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் கொண்ட கடாரத்தை இந்தக் கரையில் வைத்துத்தான் பெரும்பாலான அறிஞர்கள் பேசுகிறார்கள். அப்புறம் அலோர் ஸ்டார் சுற்றி கண்ணுக்கெட்டும் வரை வயல், ஆராவ் தாண்டினால் பெர்லிஸின் சுண்ணாம்புக் குன்றுகள்.

பாடாங் பெசார் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பயணம் இங்கேதான் கெடும் அல்லது சிறக்கும். நிலையம் மலேசிய மண்ணில் இருக்கிறது. இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அதே கட்டடத்துக்குள் நடக்கும். முதலில் நம் முகப்பில் வெளியேறும் முத்திரை, பக்கத்திலேயே தாய்லாந்து முகப்பில் நுழையும் முத்திரை. முடிந்ததும் தாய்லாந்து ரயிலில் ஏறலாம். சாலை வழிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் வரிசை பிடித்து, மறுபடி பஸ்ஸைத் தேடும் அலைச்சல் இங்கே இல்லை. வயதானவர்களை வேனில் கூட்டிப் போகாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஹாட்யாய்க்கு ஒரு டீசல் ஷட்டில் (போய்த் திரும்பும் குறுந்தூர ரயில்) காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று ஓடுகிறது. மாலையில் பாங்காக் போகும் ரயிலும் ஹாட்யாய் வழியாகத்தான் போகும். அவ்வளவுதான் மொத்தம். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அதோடு தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். தாய்லாந்து ரயில் அட்டவணையில் இருப்பது அவர்கள் நேரம், மலேசிய ரயில்வேயான கே.டி.எம். அட்டவணையில் இருப்பது நம் நேரம். போகும்போது இதைத் தப்பாகக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பீர்கள். திரும்பும்போது தப்பாகக் கணக்குப் போட்டால் இந்தப் பக்கத்து ரயிலே கையை விட்டுப் போகும்.

தீவிலிருந்து முதல் ஃபெரியைப் பிடித்தாலும் காலை ஷட்டிலுக்கு நெருக்கடிதான். நிதானமாகப் பசியாறிவிட்டு, பிற்பகல் ஷட்டிலை மனத்தில் வைத்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாடாங் பெசாரில் இறங்கும்படி கொமுட்டரைப் பிடியுங்கள். நிலைய மாடியில் உணவுக்கடை இருக்கிறது. ஷட்டில் டிக்கெட்டை அங்கேயே எடுக்கலாம், விலை மிகக் குறைவு, முன்பதிவு தேவையில்லை. கையில் தாய்லாந்துக் காசு கொஞ்சம் இருக்கட்டும். ஹாட்யாய் 45 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். நிலையத்திலிருந்து சந்தைப் பகுதியும் விடுதிகளும் நடக்கும் தூரம்தான்.

ஹாட்யாயில் என்ன பார்ப்பது என்பதை அக்காவிடமே கேளுங்கள், பினாங்குக்காரர்களுக்கு அது மனப்பாடம். நான் சொல்ல வேண்டியது பருவம் பற்றி மட்டும். அந்த ஊர் தாழ்வான வடிநிலத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் பெருவெள்ளத்தில் நகரமே மூழ்கி, ரயிலும் நின்றுபோனது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்தையும் விட்டுவிடுங்கள்.

திரும்பும் வழிக்கு வருகிறேன். ஹாட்யாயிலிருந்து சத்துனுக்கு ரயில் கிடையாது, இந்த ஒரு துண்டு மட்டும் சாலைதான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம், முதியவர்களுக்காக ஒரு காரை வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. சத்துன் நகரைத் தாண்டி தம்மலாங் ஜெட்டி. அங்கே வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு படகு ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லங்காவியின் குவா ஜெட்டி. இந்தப் படகுகள் நாளுக்கு மிகச் சிலதான் ஓடும், கூட்டம் இல்லாத மாதங்களில் குறைத்தும் விடுவார்கள். ஹாட்யாயை விட்டுக் கிளம்புவதற்கு முதல்நாளே படகு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்ட பிறகுதான் கார் பேச வேண்டும். படகு இல்லையென்றால் மனம் தளர வேண்டாம், வந்த வழியே ஷட்டிலில் பாடாங் பெசார் வந்து, கொமுட்டரில் ஆராவில் இறங்கி, கோலா பெர்லிஸ் போய் லங்காவி படகு ஏறலாம்.

கோ லிப்பே தீவு வழியாக லங்காவி வரலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அந்தப் படகு வறண்ட பருவத்தில் மட்டும்தான் ஓடும். அங்கே கடற்கரை மணலில் நடந்து, சின்னப் படகில் ஏறி, கடலிலேயே பெரிய படகுக்கு மாற வேண்டியிருக்கும். இளைஞர்களுக்கு அருமையான வழி, அப்பா அம்மாவுக்கு வேண்டாம். ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவிக்கு மூன்று மணி நேரத்தில் போன நேரடிப் படகையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பெருந்தொற்றுக்கு முன்பு நாங்கள் நம்பிய சேவை அது, இன்று அதை வைத்துத் திட்டம் போடக்கூடாது.

லங்காவியிலிருந்து கரைக்கு இரண்டு வழி. கோலா கெடாவுக்கு ஒன்றே முக்கால் மணி, கோலா பெர்லிஸுக்கு ஒன்றேகால் மணி. நான் கோலா பெர்லிஸையே சொல்வேன், கடலில் இருக்கும் நேரம் குறைவு. படகுக்குள் எல்லாப் பக்கமும் மூடியிருக்கும், குளிரூட்டி நடுங்க வைக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை கட்டாயம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றில் அலை கொஞ்சம் தூக்கிப் போடும். கோலா பெர்லிஸ் முகத்துவாரம் ஆழம் குறைந்தது, கடல் வற்றும் நேரத்தில் படகு தாமதமாகலாம். கடைசிப் படகை நம்பாமல் முற்பகல் படகில் கிளம்புங்கள்.

கோலா பெர்லிஸ் ஜெட்டியிலிருந்து ஆராவ் ரயில் நிலையத்துக்கு ஏறத்தாழ அரை மணி, கிராப் வாடகைக் கார் கிடைக்கும். ஆராவில் இ.டி.எஸ். நிற்கும் என்பதால் பினாங்குக்குத் திரும்பாமல் அங்கிருந்தே நேராக கோலாலம்பூர் போய்விடலாம். படகு இறங்கும் நேரத்துக்கும் இ.டி.எஸ். நேரத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். படகுக்காரர்கள் ரயில் அட்டவணையைப் பார்த்துப் படகு விடுவதில்லை, ரயில்காரர்கள் கடலைப் பார்ப்பதில்லை. நூறு வருடங்களுக்கு முன்பு பிறையில் படகும் ரயிலும் ஒரே கையில் இருந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆராவிலிருந்து ஜெட்டிக்கு ரயில் நேரத்தை ஒட்டி ஒரு இணைப்பு பஸ் விட்டாலே வடக்கு முழுவதும் சுலபமாகிவிடும். பெரிய செலவு ஒன்றும் பிடிக்காத வேலை அது.

கிளந்தான் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங், சுங்கை கோலோக் வழியாகவும் தாய்லாந்து ரயில் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது வேறு பாதை. எல்லைப் பாலத்தைத் தாண்டி இப்போது ரயில் ஓடுவதில்லை, அந்தப் பக்கத்து மாநிலங்களில் பாதுகாப்பு நிலைமையும் வேறு. இந்தப் பயணத்தோடு அதைக் கலக்காதீர்கள்.

ஆவணங்கள்: கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். நுழைவதற்கு மூன்று நாள் முன்பிலிருந்து தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே நிரப்பலாம், இலவசம். பணம் கேட்கும் தளமாக இருந்தால் உடனே மூடிவிடுங்கள். மூன்று பேருக்கும் நீங்களே வீட்டில் உட்கார்ந்து நிரப்பி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அப்பாவின் ஆசை. அவர் பெரியப்பாவைக் கொண்டுபோனதும் இதே பாடாங் பெசார் தண்டவாளம்தான். 1942, 43-ல் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இந்த வழியாக பான் போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்திப் போனார்கள். பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனபுரியில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7000 போர்க்கைதிகள் பெயரோடு உறங்குகிறார்கள். அதைவிடப் பல மடங்கு இறந்த நம் ஆட்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. அவர்களுக்கான நினைவிடம் ஊருக்குள் வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் இருக்கிறது, நம்மவர்கள் எழுப்பிய நடுகல்லும் அங்கேதான். அப்பாவை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். பாலமும் அருங்காட்சியகமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே போவதானால் ஹாட்யாயையும் காஞ்சனபுரியையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம், லங்காவியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பாடாங் பெசாரிலிருந்து கிளம்பும் பாங்காக் ரயிலில் படுத்துத் தூங்கி, மறுநாள் காலை பாங்காக்குக்கு முன்பே நாகோன் பாத்தோமில் இறங்குங்கள். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து வரும் காஞ்சனபுரி ரயில் அங்கே நாளுக்கு இரண்டு முறைதான். காலை ரயிலை விட்டுவிட்டால் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் பாத்தோம் சேதி என்னும் பெரிய புத்த தூபியைப் பார்த்துவிட்டு பிற்பகல் ரயிலில் போகலாம், அவசரமென்றால் பஸ்ஸும் உண்டு. பாடாங் பெசாரிலிருந்து கிளம்பும்போது அந்த ரயிலுக்கு இரண்டே படுக்கைப் பெட்டிகள்தான், ஹாட்யாயில்தான் பெரிய ரயிலோடு சேர்ப்பார்கள். ஆகவே தேதி முடிவானதும் முதலில் தாய்லாந்து ரயில்வேயின் தளத்தில் அப்பா அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை இரண்டைப் பதிவு செய்யுங்கள். கொமுட்டரையும் ஃபெரியையும் அதற்கு ஏற்ப அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.